டர்பனில் ஆயா அமர்த்தித் தரும் ஒரு ஏஜென்சி: ஆள் தேர்வு அருமை, ஒப்பந்தம் அரைகுறை

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஆயா அமர்த்தித் தரும் ஏஜென்சிகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல உண்டு. நாங்கள் நாடிய ஏஜென்சி, ஆளைத் தேர்ந்தெடுப்பதில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட, அவர் வீட்டில் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதுவதில் காட்டவில்லை. முன்பு வேலை பார்த்த வீட்டாரிடம் விசாரித்தார்கள், முதலுதவிச் சான்றிதழைச் சரிபார்த்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயாவாக வந்த சிசி, குழந்தையைக் குளிப்பாட்டியதும் முதலில் தலையைத் துவட்டிய பக்குவத்தைப் பார்த்து, எளிதில் யாரையும் மெச்சாத என் மாமியாரே வாயடைத்துப் போனார்.

சிக்கல் ஒப்பந்தத்தில் இருந்தது. "குழந்தை பராமரிப்பும் சிறு வீட்டு வேலைகளும்" என்ற ஒற்றை வரியோடு கடமைப் பகுதி முடிந்துவிட்டது. பிள்ளையின் துணி, பால் புட்டி, கூழ் காய்ச்சிய பாத்திரம், இறைந்து கிடக்கும் பொம்மை ஆகியவை ஆயாவின் பொறுப்பு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கணவரின் சட்டைகளைத் தேய்ப்பதும், முந்தைய இரவின் இட்லிப் பானையைக் கழுவுவதும், காவடிக்கு வரும் உறவினர்கள் சாப்பிட்டு வைத்த தட்டுகளும் எந்தக் கணக்கில் சேரும்? "பிள்ளை தூங்கும் நேரத்தில் சும்மாதானே இருக்கிறாள்" என்றார் மாமியார். தவழும் குழந்தை தூங்கும் நேரம்தான் ஆயா உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கும் நேரம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்தவருக்கு உணவு இடைவேளை தர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. "தேய்க்கச் சொன்னால் தேய்க்கிறேன் மேடம், அப்போது பிள்ளையை யார் பார்ப்பது?" என்று சிசி கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ஏஜென்சியை அழைத்தபோது, "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஆகவே சிசியையும் உட்கார வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதினோம். புரட்டாசியில் எங்கள் சமையலறைக்குள் இறைச்சி வராது என்பதும், அந்த மாதம் அவருக்கு மதிய உணவு நாங்கள் தருவோம் என்பதும் அதில் உண்டு. இருட்டுவதற்குள் டாக்சி பிடிக்க வேண்டும் என்பது அவர் கேட்டுச் சேர்த்த வரி.

சம்பள விஷயத்தில் ஏஜென்சி தெளிவாக இருந்தது. 2022 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் முழுமையாகப் பொருந்துகிறது; 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டாக உயர்ந்தது. வாரம் 45 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கூலி, வேலையின்மைக் காப்பீட்டுக்கு இரு தரப்பும் செலுத்த வேண்டிய ஒரு சதவீதம் எல்லாவற்றையும் சம்பளச் சீட்டு மாதிரியோடு விளக்கினார்கள்.

வேலையில் விபத்து நேர்ந்தால் பணியாளருக்கு இழப்பீடு கிடைப்பதற்கான பதிவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. 2012இல் பிரிட்டோரியாவில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பணிப்பெண் நீச்சல் குளத்தில் விழுந்து இறந்த வழக்கில்தான், 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த இழப்பீட்டு உரிமையை வீட்டுப் பணியாளர்களுக்கும் உறுதி செய்தது. "சிறு வேலை" என்பதற்குள் ஏணி ஏறுவதும் அடங்குமா என்று எழுதாத ஒப்பந்தம், இதையும் சொல்லாமல் விடுவது சரியல்ல.

நல்ல ஆள் வேண்டுமென்றால் இவர்களிடம் தாராளமாகப் போகலாம். கமிஷன் கட்டுவதற்கு முன் கடமைப் பட்டியலைத் தனித்தாளில் கேளுங்கள். தர மறுத்தால் நீங்கள் எழுதிய தாளில் அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண்.