கல்லடியில் கப்பல் வேலைக்குப் போவோருக்கான மாலை வகுப்பு: ஒரு மதிப்பீடு

முதல் ஒப்பந்தத்தில் நான் கப்பல் ஏறியபோது முகவருக்கு எதற்காகப் பணம் கட்டினேன் என்பதும், மூன்று மாதச் சம்பளம் வராமல் நின்றபோது யாரிடம் முறையிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்தன. ஆகவே இரண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவர் மட்டக்களப்பின் கல்லடியில் தமது வீட்டு விறாந்தையில் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். நான்கு சனிக்கிழமைகள்; கட்டணம் மூவாயிரம் ரூபா.

முதலிரு நாள்களில் கற்பித்த பாதுகாப்பு விதிகளை எந்தப் பயிற்சி நிலையத்திலும் படிக்கலாம். இந்த வகுப்பைத் தேடிப் போவதற்கான காரணம் மூன்றாம் நாள்தான். அன்று வகுப்பை நடத்தும் சேர், ஹாவ்லொக் வில்சன் என்ற பிரித்தானியத் தொழிற்சங்கத் தலைவரின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே எங்கள் ஒப்பந்தத் தாள்களை வரிவரியாக வாசிக்க வைத்தார்.

சன்டர்லாந்தில் 1858இல் பிறந்து, சிறுவயதிலேயே கடலுக்குப் போன வில்சன், மாலுமிகளுக்கும் கொதிகலனுக்குக் கரி போடுவோருக்குமாக 1887இல் ஒரு சங்கம் தொடங்கினார். அதை முறியடிக்கவென்று 1890இல் கூட்டமைப்பாகத் திரண்ட கப்பல் உரிமையாளர்கள், தங்கள் சீட்டை வைத்திருப்பவருக்கே வேலையில் முன்னுரிமை என்றார்கள். 1894இல் சங்கம் சரிந்தது. அவர் அதே ஆண்டில் அதை மீண்டும் எழுப்பினார். ஆள்சேர்ப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் மாலுமியின் கழுத்தும் இருக்கிறது என்று விளக்கிய சேர், மாலுமிகளின் உரிமைகளை வகுக்கும் சர்வதேச உடன்படிக்கையான கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2006ஐ எடுத்துக் காட்டினார். இலங்கை 2017இல் ஏற்றுறுதி செய்த அந்தச் சமவாயத்தின்படி மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவைத் தவிர வேலை தேடித் தருவதற்கென்று மாலுமியிடம் எதையும் வாங்கக் கூடாது. நான் கட்டிய பணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே மாலுமி கைவிடப்பட்டவராகக் கருதப்படுவார் என்பதையும், நான்கு மாத நிலுவை வரை ஈடுசெய்யும் நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அன்றே அறிந்தேன்.

தலைவரின் குறைகளைச் சேர் மறைக்காதது எனக்கு மிகவும் பிடித்தது. 1896இல் கப்பல், துறைமுகத் தொழிலாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு உருவாக உழைத்து, 1911 வேலைநிறுத்தத்தில் பல நிறுவனங்களைச் சங்கத்தை ஏற்க வைத்த அதே வில்சன், சீன மாலுமிகளை வேலைக்கு எடுப்பதை எதிர்த்தார். 1925இல் மாதத்துக்கு ஒரு பவுண்டு சம்பளக் குறைப்புக்கு உடன்பட்டார். 1926 பொது வேலைநிறுத்தத்தில் சேர மறுத்தார். 1928இல் அவருடைய சங்கம் தொழிற்சங்கப் பேரவையிலிருந்து நீக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து கப்பலேறும் எங்களுக்கு இந்தப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பில் குறைகளும் உண்டு. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. முதற்தடவை போகும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க அது உதவாது. சம்பள நிலுவைக்கு முறைப்பாடு எழுதும் பயிற்சி அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அதற்கு ஒரு மாலை முழுவதும் வேண்டும். கல்முனையிலிருந்து வருபவர்கள் திரும்பும் பஸ்ஸுக்காகக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். அந்தப் பகுதியில்தான் கேள்விகளுக்கு இடம் தரப்படுகிறது. சேர விரும்புவோர் தங்கள் ஒப்பந்தத்தின் பிரதியைக் கையெழுத்திடுவதற்கு முன்பே கொண்டு போகட்டும்.