டூயல் ரெக்டிஃபையர்: வின்டேஜ் மோடா, மாடர்ன் மோடா?

மெசா பூகியின் டூயல் ரெக்டிஃபையர் 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. கனமான ராக், மெட்டல் கிட்டார் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு தலைமுறைக்கே தீர்மானித்த ட்யூப் ஆம்ப்களில் (வால்வுகளைக் கொண்டு கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவிகளில்) அதுவும் ஒன்று. அதன் மூன்று சேனல் வடிவத்தில் முதல் சேனல் கிளீன், அதாவது சிதைவில்லாத ஒலிக்கானது. ஹை கெய்னுக்கான, அதாவது ஒலி சிதைந்து கரகரக்கும் டிஸ்டார்ஷனுக்கான, இரண்டாவது, மூன்றாவது சேனல்களில் ரா, வின்டேஜ், மாடர்ன் என்று மூன்று மோடுகள் உள்ளன. கெய்ன் (டிஸ்டார்ஷனின் அளவு), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி), மிட் (நடுப்பகுதி), பேஸ் (தாழ்ந்த ஒலி), பிரசன்ஸ் (உச்சப் பகுதியின் கூர்மை), மாஸ்டர் (சேனலின் ஒலியளவு) ஆகிய குமிழ்கள் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியே கொடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவது சேனலை மாடர்னில் வைத்து, கெய்னை முழுவதும் திருகி, நான்கு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் கோர்வை) வாசித்துவிட்டு இந்த ஆம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்கள் ஏராளம். மிட்டைத் தாராளமாகத் திறந்துவிட்ட வின்டேஜ் மோடில்தான் இதன் மிகச் சிறந்த ஒலி கிடைக்கிறது என்பது என் முடிவு.

இரண்டாவது சேனலை வின்டேஜிலும் மூன்றாவதை மாடர்னிலும் வைத்து ஒப்பிடத் தொடங்குமுன் இரு சேனல்களின் மாஸ்டர்களையும் காதுக்கு ஒரே அளவில் கேட்கும்படி சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரே குமிழ் நிலையில் மாடர்ன் கூடுதல் சத்தமாக ஒலிக்கும். சத்தமாக ஒலிப்பதையே சிறந்தது என்று காது நம்பிவிடும். இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நான் பொருட்படுத்துவதில்லை.

இரண்டு மோடுகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு கெய்னின் அளவைவிட, ஸ்பீக்கரை இயக்கும் இறுதிப் பகுதியான பவர் ஆம்ப் நடந்துகொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது. வின்டேஜில் பவர் ஆம்பின் வெளியீட்டில் ஒரு சிறு பங்கு அதன் உள்ளீட்டுக்கே திருப்பி ஊட்டப்படுகிறது. நெகட்டிவ் ஃபீட்பேக் எனப்படும் இது, ஸ்பீக்கரின் அசைவை இழுத்துப் பிடிக்கும் கடிவாளம். மூன்றாவது சேனலை மாடர்னுக்கு மாற்றும்போது அது அவிழ்த்துவிடப்படுகிறது. ஸ்பீக்கரின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை; கேபினெட்டில் கோன் ஒத்ததிரும் தாழ்ந்த பகுதியில் ஒருமுறை உயர்ந்து, பிறகு உச்சப் பகுதியை நோக்கி மீண்டும் ஏறுகிறது. ஃபீட்பேக் இல்லாத பவர் ஆம்ப் அந்த ஏற்றங்களைப் பின்தொடர்வதால் பேஸும் ட்ரெபிளும் ஒருசேரப் பெருகி, நடுப்பகுதி பின்வாங்கியதுபோல் கேட்கிறது. தனியாக வாசிக்கும்போது இது மலைக்க வைக்கும் ஒலி என்பதில் ஐயமில்லை. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்த பிறகோ, கிட்டாருக்கு உரிய இடமான நடுப்பகுதி காலியாகக் கிடக்க, அதன் தாழ்ந்த ஒலி பேஸ் கிட்டாரோடு மோதிக்கொண்டிருக்கும்.

உள்ளங்கை விளிம்பை, கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் வைத்து ஆறாவது கம்பியை அழுத்தி அடித்தால் வேறுபாடு தெளிவாகப் புலப்படும். வின்டேஜில் ஒவ்வொரு அடியும் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரிய, தனித்தனியாக விழுகிறது. மாடர்னில் அடிக்குப் பின் ஒரு வீக்கம் எழுந்து அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. மெதுவான, அகன்ற ரிஃப்களுக்கு அந்த வீக்கமே அழகு. வேகமான ரிஃப்களுக்கு அது இடைஞ்சல்.

டோன் குமிழ்களில் ட்ரெபிளுக்கே அதிகாரம் அதிகம். மூன்றும் ஒரே மின்சுற்றில் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், ட்ரெபிளை மிக உயர்த்தினால் மிட்டும் பேஸும் திருகினாலும் பெரிதாக மாறாது. குமிழின் குறியைக் கடிகார முள்ளாக எண்ணி, 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் வைத்தால்தான் மற்ற இரண்டுக்கும் உயிர் வரும். எல்லாக் குமிழ்களையும் 12 மணியில் வைத்தால் சமநிலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் தவறு, ஏனெனில் இவ்வகைச் சுற்று அந்த நிலையிலேயே நடுப்பகுதியில் ஒரு பள்ளத்தைக் கொண்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மிட்டை 2 மணி வரை கொண்டுபோகச் சொல்கிறேன். இங்கே டோன் சுற்று டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அதே நிறுவனத்தின் மார்க் வரிசை ஆம்ப்களில் அது பெரும்பகுதி கெய்னுக்கு முன்பே வந்துவிடுவதால், பேஸைக் குறைத்து வைத்து, பிறகு 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ் என்ற ஐந்து பட்டை ஈக்வலைசரில் கனத்தை மீட்டுக்கொள்கிறார்கள். ரெக்டிஃபையரில் பேஸ் குமிழைக் குறைத்தால் கனம் குறையுமே தவிர, டிஸ்டார்ஷனுக்குள் ஏற்கெனவே போய்க் குழம்பிய பேஸ் தெளிவடையாது.

ஆகவே அந்தக் குழப்பத்தைக் கிட்டார் சமிக்ஞை ஆம்புக்குள் நுழையும் முன்பே தடுக்க வேண்டும். கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையே இணைக்கும் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலில் டிரைவைப் (அதன் டிஸ்டார்ஷன் அளவைப்) பூஜ்யத்திலும் லெவலை உச்சத்திலும் வைத்தால், சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைந்த சமிக்ஞை கெய்ன் நிலைகளைச் சென்றடைகிறது. ஆறாவது கம்பியை ஈ சுரத்திலிருந்து டி-க்குத் தாழ்த்தும் டிராப் டி டியூனிங்கில் அது 73 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால் இந்த உதவி அங்கே இன்றியமையாதது. பெடல் இருக்கும்போது கெய்ன் 11 மணியைத் தாண்டத் தேவையில்லை.

ரா மோடு குறைந்த கெய்னில் பழைய ராக் ரிதமுக்குப் (பாட்டைத் தாங்கும் பின்னணி வாசிப்புக்குப்) பொருந்தும். ஹை கெய்ன் ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையராகச் சிலிக்கான் டயோடுக்குப் பதில் 5யூ4 வால்வைத் தேர்ந்தால் பிக்கின் தாக்கம் சற்று மென்மையாகும், ஆனால் பவர் ஆம்ப் கடுமையாக உழைக்கும் ஒலியளவில்தான் அது தெரியும். இறுக்கமான ரிஃப்களுக்கு டயோடே சரி.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது ஒவ்வொரு சேனலுக்கும் தனி டோன் குமிழ்கள் இருப்பதைத்தான். பீவி நிறுவனத்தின் 5150 ஆம்ப் இறுக்கத்தில் இதை விஞ்சும், ஆனால் அதன் ரிதம், லீட் (முன்னின்று வாசிக்கும் தனி மெட்டு) சேனல்கள் இரண்டும் ஒரே டோன் குமிழ்களைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றுக்குச் சரிசெய்தது மற்றொன்றுக்கு இடறும். இங்கே இரண்டாவது சேனலை வின்டேஜில் ரிதமுக்கு வைத்து, மூன்றாவதையும் வின்டேஜிலேயே, மிட்டை இன்னும் கூட்டி பிரசன்ஸைக் குறைத்து, லீடுக்கு வைத்துக்கொள்ளலாம். மாடர்ன் மோடைப் பேஸ் கிட்டார் ஒதுங்கி நிற்கும் இடங்களுக்கும், ஒரே கிட்டார் முழு வெளியையும் நிரப்ப வேண்டிய மெதுவான பகுதிகளுக்கும் மட்டும் எடுத்து வைப்பேன்.