மூன்று கோடை ஓடிய பிஎல்டிசி ஃபேன்: லாபம் பில்லில், தலைவலி ரிமோட்டில்

2023 மார்ச்சில் எங்கள் வீட்டில் இருந்த ஐந்து சீலிங் ஃபேனில் நான்கைக் கழற்றிவிட்டு, கரண்ட் குறைவாக இழுக்கிற புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் மாட்டினோம். மூன்று கோடை முடிந்துவிட்டது, அதுவும் திருச்சிக் கோடை, ராத்திரி இரண்டு மணிக்கும் சுவரைத் தொட்டால் சூடு இருக்கும். அதனால் இப்போது எழுதினால் தப்பில்லை. பார்சல் பிரித்த அன்றைக்கே ஐந்து ஸ்டார் போட்டுவிடுகிறவர்களை நம்பி நான் ஒரு மிக்ஸி வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒரு வீட்டின் நான்கு ஃபேனை வைத்து ஒரு கம்பெனியைத் தூக்கிவைத்துப் பேசுவதோ திட்டுவதோ சரியில்லை, தவிர இப்போது எல்லாக் கம்பெனியும் இதைப் போடுகிறது. இந்த வகையை நம் கோயம்புத்தூரிலிருந்து சூப்பர்ஃபேன் என்ற பிராண்டு 2012-லேயே கொண்டுவந்துவிட்டது என்பது எனக்கே வாங்கிய பிறகுதான் தெரியும்.

மாற்றியதற்குக் காரணம் பூமியைக் காப்பாற்றுவது என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். காரணம் 500 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள், அப்போது முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம், அது வரைக்கும் சரி. ஆனால் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டின் விலையும் மாறிவிடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 ஆனால் 1,958. அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 233 ரூபாய்! 2024-இல் கட்டணம் ஏறியது, அப்போதும் இந்தப் படிக்கட்டு அப்படியே இருந்தது. எங்கள் வீடு கோடையில் எப்போதும் 550, 580 என்று அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும்.

ஃபேன் வந்ததும் நான் செய்த முதல் வேலை அட்டைப்பெட்டியில் போட்டிருந்த 28 வாட் உண்மையா என்று பார்ப்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், இபி மீட்டரே போதும். மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரியும் இல்லையா, எத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும், எங்கள் மீட்டரில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹால் ஃபேனை மட்டும் முழு வேகத்தில் போட்டு, செல்போனில் பத்து நிமிடம் அலாரம் வைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்று எண்ணினேன். முதல் தடவை எண்ணிக்கை எங்கேயோ போனது, பார்த்தால் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதையும் பிடுங்கிவிட்டு மறுபடி எண்ணியதில் பழைய ஃபேன் 41 மினுக்கல். கணக்குப் போட்டால் 77 வாட் வருகிறது. புது ஃபேன் மாட்டிய பிறகு அதே இடத்தில் அதே பத்து நிமிடம்: 15. அதாவது 28 வாட், பெட்டியில் போட்டது பொய்யில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து "என்ன தம்பி, மீட்டர்ல ஏதும் கோளாறா"ன்னு கேட்டார், விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மிச்சமான கரண்ட் முன்னே எங்கே போனது என்பது பழைய ஃபேனைக் கழற்றிய அன்று கையில் தெரிந்தது. மூன்று மணி நேரம் ஓடிய ஃபேனின் மோட்டார் மேல் எலக்ட்ரீஷியன் அண்ணன் கை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார், அப்போதுதான் இறக்கிய இட்லித் தட்டு மாதிரி சூடு. சாதா மோட்டாரில் சுற்றும் பாகத்திலும் கரண்ட் பாய்ந்தாக வேண்டும், அதில் ஒரு பங்கு சூடாகவே வீணாகிறது. பிஎல்டிசியில் அந்த இடத்தில் நிரந்தரக் காந்தம், அதைத் தள்ளிச் சுற்றவைக்கிற வேலையை ஒரு எலக்ட்ரானிக் போர்டு பார்க்கிறது. நாள் முழுக்க ஓடினாலும் லேசான வெதுவெதுப்புதான். வெயில் காலத்தில் தலைக்கு மேல் ஒரு சின்ன ஹீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு அதன் கீழேயே காற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

காற்று எப்படி? இங்கேதான் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. பழையதுதான் நன்றாக வீசியது என்பது அவர் கட்சி. ஒரு வாரம் மறுத்துவிட்டு அப்புறம் ஒத்துக்கொண்டேன், முழு வேகத்தில் பழையது ஒரு பிடி அதிகம்தான். 2023-லிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம், ஆனால் அந்த ஸ்டார் சொல்வது ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பதை, மொத்தம் எவ்வளவு காற்று என்பதை அல்ல. நான் வாட்டை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன். பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை கன மீட்டர் என்று ஒரு எண் இருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அம்மா அறைக்கு மட்டும் நான்கைந்து வாட் கூடுதலாக எடுக்கிற, காற்று அதிகம் உள்ள மாடல் வாங்கியிருந்தால் அந்த ஒரு வாரச் சமாதானப் பேச்சுவார்த்தை மிச்சமாகியிருக்கும்.

பில்லுக்கு வருகிறேன். 2022 ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 580 யூனிட், 2023-இல் அதே மாதங்களுக்கு 470. இரண்டையும் 2022 செப்டம்பர் கட்டணத்திலேயே வைத்துப் பார்த்தால் 2,590 ரூபாய் 1,545 ஆகிறது. கோடையில் இப்படி இரண்டு பில். மற்ற நான்கு பில்லில் இவ்வளவு இல்லை, ஒரு பில்லுக்கு 80 யூனிட், நானூறு ரூபாய். வருஷத்துக்கு மொத்தமாக 540 யூனிட், 3,700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு ஃபேனும் மாட்டுக்கூலியும் சேர்த்து 12,600 ஆனது, அதனால் போட்ட முதல் இப்போதுதான் கரையேறுகிறது. "ஒரே வருஷத்தில் காசு திரும்பிவிடும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். கோயில் மண்டபம் மாதிரி நாள் முழுக்க ஓடும் இடமாக இருந்தால் ஒருவேளை நடக்கும்.

கரியமிலக் கணக்கும் போட்டேன், ஆர்வக்கோளாறு. நம் நாட்டு மின்சார கிரிடில் ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, பெரும்பாலும் நிலக்கரி எரிவதால். 540 யூனிட்டுக்கு 380 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் 2.3 கிலோ, ஆக இது 165 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், என் வண்டிக்கு ஒரு வருஷம் போட்டாலும் அவ்வளவு ஆகாது. நல்ல விஷயம்தான், ஆனால் கழற்றிய நான்கில் இரண்டை அம்மா "நல்லா ஓடுற ஃபேனைக் காயிலாங்கடைக்கா போடுவாங்க" என்று சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அது அங்கே இன்னமும் 77 வாட் தின்றுகொண்டு சுற்றுகிறது, எங்கள் கணக்கில் மட்டும் இல்லை.

இனி குறை. முதல் குறை ரிமோட். நான் ரிமோட்டில் அணைப்பேன், இன்னொருவர் வந்து சுவரில் சுவிட்சைத் தட்டுவார், ஃபேன் சுற்றாது, "ஃபேன் போச்சு" என்று சத்தம் கேட்கும். விருந்தாளி வந்தால் இது கட்டாயம் நடக்கும். ரிமோட் சோபா இடுக்கில் போய்விட்டால் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டு வேகத்தை மாற்றலாம் என்று கையேட்டில் இருக்கிறது, வியர்வையோடு அதைச் செய்து பாருங்கள். எல்லாம் ஒரே மாடல் என்பதால் கதவு திறந்திருந்தால் ஹாலில் அமுக்கும் ரிமோட்டுக்குப் படுக்கையறை ஃபேனும் கீழ்ப்படியும். இன்னொன்று, பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு அறையில் மறந்துவிட்டார், ஃபேன் இரண்டு நாள் திக்கித் திக்கிச் சுற்றியது.

பெரிய குறை போர்டு. 2024 ஐப்பசியில் ஒரு இடிமழை ராத்திரிக்குப் பிறகு படுக்கையறை ஃபேன் அசையவில்லை. வாரண்டி இருந்தது, ஆனால் ஆள் வரவே ஆறு நாள், வந்தவர் ஸ்டூலில் ஏறி மேல்கப்பை இறக்கி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "போர்டு போயிருச்சு சார், ஸ்டாக் இல்ல" என்று இறங்கிவிட்டார். ஆகப் பதினோரு நாள் டேபிள் ஃபேன். சாதா ஃபேன் என்றால் மெதுவாகச் சுற்றுகிறது என்று சொன்னதுமே தெருமுனை எலக்ட்ரீஷியன் ஒரு கண்டன்சரை மாற்றிவிட்டுப் போய்விடுவார். இதில் அவர் கை வைக்க மாட்டேன் என்கிறார். வாரண்டி முடிந்த பிறகு என்ன ஆகும் என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

எதிர்பார்க்காத லாபம் ஒன்று: மாதாந்திர பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் சாயங்காலம் வரை கரண்ட் வராது. முன்பு இரண்டு ஃபேன் போட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பிக்கும், இப்போது அதே பழைய பேட்டரி நான்கு மணி வரை தாங்குகிறது. இன்வெர்ட்டரில் ஓடும்போது பழைய ஃபேன் போடுமே ஒரு ங்ங்ங் சத்தம், அதுவும் இல்லை. அம்மா கட்சி மாறியது அந்த நாளில்தான்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அறைக்குத் தயங்காமல் வாங்கலாம். சமையலறை ஃபேனை நாங்கள் மாற்றவில்லை, அது ஓடுவதே ஒரு மணி நேரம். சுவரில் திருகுகிற ரெகுலேட்டரோடு வரும் பிஎல்டிசி மாடல்களும் இருக்கின்றன, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நேராக அதற்கே போங்கள். எங்கள் ஹால் ரிமோட்டை அம்மா இப்போது ஒரு நூலில் கட்டி நாள்காட்டி ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். நூல் சோபா வரை எட்டாது, எழுந்து போய்த்தான் அமுக்க வேண்டும்.