பல்ஸ் 122, வியாதி டென்ஷன்: மூணு தடவை போயிட்டு வந்த ஆஸ்பத்திரி ரிவியூ

ரெண்டு ஸ்டார். அதுல ஒண்ணரை கேண்டீனுக்கு, பாக்கி அரை பிபி பாத்த நர்ஸ் பிள்ளைக்கு. ஏன்னு சொல்லுதேன், கொஞ்சம் நீளந்தான், பொறுத்துக்கிடுங்க.

ஆஸ்பத்திரி பேரு போடல. திருநெல்வேலியில உள்ள பெரிய தனியார் ஆஸ்பத்திரியள்ல ஒண்ணு, அவ்ளோதான். பேரப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்ல பயப்படுதாவ. அதுபோக இது அந்த ஒரு எடத்துல மட்டும் நடக்குத சங்கதியும் இல்ல, எங்க தெருவுலயே ரெண்டு பேரு இதே கதைய வேற ஆஸ்பத்திரி பேரு சொல்லிச் சொல்லுதாவ.

நான் கல்லிடைக்குறிச்சி. வீட்ல மிசின் போட்டு ஜாக்கெட் சுடிதார் தைக்கேன். ரெண்டாவது பிள்ளை 2020 லாக்டவுன்ல பொறந்தா. பொறந்து ரெண்டு மாசத்துல எனக்கு ஒண்ணுமே பிடிக்காம, பிள்ளையத் தூக்கக்கூட மனசில்லாம, சுவரப் பாத்து அழுதுகிட்டே கெடந்தேன். பாளையங்கோட்டையில ஒரு மனநல டாக்டரம்மாகிட்ட காட்டி மனச்சோர்வுக்கு உள்ள எஸிடாலோப்ராம் மாத்திரை 10 எம்ஜி 14 மாசம் சாப்பிட்டேன், பொறவு அவங்களே பைய பையக் கொறச்சு நிறுத்திட்டாங்க. அதோட அது முடிஞ்சுது, நல்லா இருந்தேன். முடிஞ்சுதுன்னு நாந்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

இந்த வருசம் மாசி கடைசியில இருந்து நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. மாடிப்படி ஏறுனா இல்ல, சும்மா உக்காந்து காஜா எடுத்துக்கிட்டு இருக்கும்போதே. கை நடுங்கி ஊசியில நூல் கோக்க முடியல, மூத்தவளக் கூப்புட்டு கோத்துத் தரச் சொன்னேன். பசின்னா பசி, ராத்திரி பதினோரு மணிக்கு எந்திச்சு பழைய சோத்தையும் துவையலையும் அள்ளித் திங்கேன், ஆனா 61 கிலோ இருந்தவ 53 ஆயிட்டேன். அளவு ஜாக்கெட் கொண்டு வாரவள்லாம் "என்ன டயட் இருக்கீய, அழகா மெலிஞ்சிட்டிய"ன்னு கேக்காளுவ. எதுத்த வீட்டு ஆச்சி மட்டும் "கண்ணு பட்டுருக்குட்டி"ன்னு உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டா. வேர்வைய நான் கணக்குலயே எடுக்கல. பங்குனி சித்திரை வெயில்ல நம்ம ஊர்ல யாருக்குத்தான் வேர்க்கல, தாமரவரணியில முங்கி எந்திச்சு கரையேறுததுக்குள்ள எல்லாருக்கும் வேர்க்கும். ஆனா எல்லாரும் அசந்து தூங்குத விடியக்காலம் நாலு மணிக்கு எனக்கு மட்டும் தலகாணி நனஞ்சு கெடக்கும், அதுதான் யோசிச்சிருக்கணும்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வாரேன். காலை ரயிலப் பிடிச்சு ஜங்ஷன்ல எறங்கி ஆட்டோவுல போனோம், நானும் எங்க வீட்டுக்காரரும். எடம் பளபளன்னு இருக்கு, ஏசி, டோக்கன் டிவி எல்லாம் ஓடுது, பாத்ரூம் சுத்தம். ஓபி பீஸ் 600. நர்ஸ் பிள்ளை பிபி பாத்துச்சு, விரல்ல கிளிப்பப் போட்டுப் பாத்துட்டு "அக்கா, பல்ஸ் 122 இருக்கே, ஓடி வந்தீயளா"ன்னு கேட்டுச்சு. முக்கா மணி நேரமா சேர்ல உக்காந்திருக்கேன்னு சொன்னேன். அது மறுபடி கிளிப்பப் போட்டு, 120, சீட்டுல எழுதி அடியில கோடும் போட்டுச்சு. அந்தக் கோட்டுக்குத்தான் அரை ஸ்டார்.

டாக்டர் உள்ள கூப்புட்டாவ. நல்ல மனுசன்தான், சிரிச்ச முகம், அதையும் சொல்லணும். படபடப்பு, நடுக்கம்னு சொல்ல ஆரம்பிச்சேன், அவிய "இதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா"ன்னு கேட்டாவ, நான் உண்மையச் சொன்னேன். அந்த நொடியில என்ன ஆச்சுன்னா, டாக்டரோட சேர் திரும்பிச்சு. நெசமாத்தான், அந்தச் சுத்துத சேரு என் பக்கத்துல இருந்து எங்க வீட்டுக்காரவ பக்கம் திரும்பிச்சு. அதுக்குப் பொறவு கேள்வி எல்லாம் அவிய கிட்டதான். "சார், வீட்ல ஏதாவது பிரச்சனையா? மேடம் நல்லா தூங்குறாங்களா? மாமியார் கூட இருக்காங்களா?" நான் என்னமோ பக்கத்துல வச்ச பை மாதிரி உக்காந்திருக்கேன். ஈசிஜி எடுத்தாவ, 350 ரூவா. "நார்மல்தான், துடிப்பு மட்டும் வேகமா இருக்கு, அது ஆங்சைட்டி. பயப்படாதீங்க, டென்ஷனக் கொறைங்க." படபடப்ப அடக்குத ப்ரோப்ரனலாலும், பதட்டத்துக்கு உள்ள குளோனசிபாமும் எழுதுனாவ. என் கையத் தொடல, கழுத்தப் பாக்கல, எடை எவ்ளோ கொறஞ்சுதுன்னு கேக்கல.

இதுல ஒரு கொடுமை என்னன்னா அந்த மாத்திரை கேட்டுச்சு! ரெண்டு வாரம் நடுக்கம் கொறஞ்சுது, நெஞ்சு அடங்குச்சு. எங்க வீட்டுக்காரவ "பாத்தியா, டாக்டர் சொன்னது சரிதான்"ன்னாவ. நானும் நம்பிட்டேன். பின்னாலதான் தெரியுது, ப்ரோப்ரனலால் பயத்துல வார படபடப்புக்கும் கேக்கும், கழுத்துல உள்ள தைராய்டு சுரப்பி ஓவரா வேலை செஞ்சு வார படபடப்புக்கும் கேக்கும், மேல உள்ள ஆட்டத்த அடக்கும், அடியில உள்ள வியாதி அது பாட்டுக்கு வளரும். மாத்திரை கேட்டதால வியாதி இதுதான்னு முடிவு கட்டுனா எப்படி.

ரெண்டாவது தடவை போகும்போது வயித்தால வேற போக ஆரம்பிச்சிருந்துச்சு, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. மாசவிலக்கும் சரியா வரல, ஒரு நாள்ல நின்னுபோச்சு. எல்லாத்தையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டு போனேன், மறந்துறக் கூடாதுன்னு. டாக்டர் அந்தச் சீட்டப் பாத்து சிரிச்சுட்டு "இவ்ளோ யோசிக்கிறதே ஒரு அறிகுறிதான் மேடம்"ங்காவ. எழுதாம போனா ஞாபகம் இல்லம்பாவ, எழுதிட்டுப் போனா கிறுக்கும்பாவ. மறுபடி 600, ஏன்னா பழைய சீட்டு ஏழு நாளைக்குத்தான் செல்லுமாம்.

அங்க வெயிட்டிங் ஹால்ல ஒரு பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கு, மகளிர் சிறப்புப் பரிசோதனை, தைராய்டு உட்பட, சலுகை விலையில. அதுக்கு நேர் கீழதான் நான் உக்காந்திருந்தேன், மூணு தடவையும்.

மூணாவது தடவை குளோனசிபாம் ஒத்துக்கல, பகல்லயே தூங்கி விழுதேன், மிசின்ல விரல விட்டுருவேன்னு பயமா இருக்குன்னு சொன்னேன். "நீங்க பழைய மாத்திரைய ஆரம்பிக்கிறது நல்லது, சைக்கியாட்ரிஸ்டப் பாருங்க"ன்னு எழுதிக் குடுத்துட்டாவ. சரி சவத்த, எங்கிட்டாவது காட்டித் தொலைப்போம்னு பழைய டாக்டரம்மாகிட்டயே போனோம்.

அந்தக் கிளினிக்குக்கு ஏசி கெடையாது. பிளாஸ்டிக் சேர்ல ஒண்ணுக்குக் கால் ஒடஞ்சிருக்கும், டோக்கன் போடுத அண்ணாச்சிக்கு மூஞ்சி எப்பவும் கடுகடுன்னுதான் இருக்கும், மூணு மணி நேரம் காத்துக் கெடக்கணும். அஞ்சு ஸ்டார்.

டாக்டரம்மா என்னப் பாத்ததும் "என்னம்மா இப்படி ஆயிட்டே"ன்னு கேட்டு மொதல்ல கையப் பிடிச்சாங்க. ஆறுதலுக்குப் பிடிக்காங்கன்னு நெனச்சேன், இல்ல, உள்ளங்கையத் தடவிப் பாத்தாங்க. "சூடா ஈரமா இருக்கு பாரு, பயத்துல வேர்க்குத கை பொதுவா சில்லுன்னு இருக்கும்"னாங்க. கைய நீட்டச் சொல்லி விரல் மேல ஒரு வெள்ளப் பேப்பர வச்சாங்க, பேப்பர் படபடன்னு ஆடுச்சு, பேன் காத்துல ஆடுதோன்னு பேன நிறுத்திட்டு மறுபடி வச்சாங்க, அப்பவும் ஆடுச்சு. தண்ணி குடிக்கச் சொல்லி முழுங்கும்போது தொண்டையப் பாத்தாங்க. "பசி எப்படி"ன்னு கேட்டாங்க, பழைய சோத்துக் கதையச் சொன்னேன். "நல்லாத் தின்னும் எடை கொறையுதா? மனசு சரியில்லாம மெலியுதவங்களுக்கு சோறு எறங்காதும்மா, ஒனக்கு அப்ப அப்படித்தானே இருந்துச்சு"ன்னாங்க. உண்மைதான், 2020ல ஒரு தோசைய ஒரு மணி நேரம் வச்சுகிட்டு உக்காந்திருப்பேன். அப்பவே அவங்க தைராய்டு பாத்திருக்காங்க, அப்ப நார்மல், அது அவங்க பழைய சீட்டுலயே இருக்கு. "தூங்கும்போது நாடி எண்ணிப் பாத்தியளா"ன்னு எங்க வீட்டுக்காரவ கிட்ட கேட்டாங்க. பயத்துல வேகமா அடிக்குத நெஞ்சு தூங்குனா பெரும்பாலும் எறங்கிரும், தைராய்டுல ஓடுத நெஞ்சு தூக்கத்துலயும் ஓடுமாம். அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அவிய மொபைல் டார்ச் அடிச்சுகிட்டு என் மணிக்கட்டப் பிடிச்சு எண்ணியிருக்காவ: 108. நான் கொறட்டை விட்டுட்டு இருந்தேனாம், அது வேற.

மறுநாள் லேப்ல தைராய்டு புரொஃபைல், 450 ரூவா. டிஎஸ்ஹெச், அதாவது தைராய்ட வேலை செய்யச் சொல்லி ஏவுத ஹார்மோன், 0.005க்கும் கீழ; தைராய்டு ஓவரா சுரந்தா இது எறங்கிருமாம். நார்மல் கிட்டத்தட்ட 0.4ல இருந்து 4 வரைக்கும். தைராய்டு சுரக்குத ஹார்மோன் ஃப்ரீ டி4 மேல எங்கயோ போயிருக்கு. மூணு தடவை அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் அழுதது ஓபி, ஈசிஜி, மாத்திரை, ஆட்டோ, ரயில் எல்லாம் சேத்து நாலாயிரத்துச் சொச்சம். அதுல இந்த 450 ரூவாய்க்கு எடமில்லாம போச்சு.

ஹார்மோன் டாக்டர்கிட்ட அனுப்புனாங்க. ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து கிரேவ்ஸ் நோய்னு சொல்லிட்டாவ, நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியப் பிடிச்சு ஓவரா வேலை வாங்குமாம். இன்னும் விட்டிருந்தா இதயத் துடிப்பு தாறுமாறாப் போக வாய்ப்பு இருக்குன்னாவ. தைராய்ட அடக்குத கார்பிமசோல் மாத்திரை 10 எம்ஜி மூணு வேளை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா ஒடனே மாத்திரைய நிறுத்திட்டு ரத்தத்துல வெள்ளணு பாக்கணும், பச்சைத்தண்ணி குடிச்சதால வந்த தொண்டை வலின்னு நீங்களா முடிவு பண்ணாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னாவ, எழுதியும் குடுத்தாவ. ஒண்ணு ஒன்றரை வருசம் சாப்பிடணுமாம். இதோட எனக்குக் கொஞ்சம் பயமும் இருந்துச்சு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நெஞ்சு நாள் பூரா 120ல ஓடுனா யாருக்குத்தான் பயம் வராது. ஆனா பயம் இருக்குன்னா வேற வியாதி இருக்காதுன்னு ஏதும் கணக்கு இருக்கா?

தூக்கம் வராத ராத்திரியில படிச்சதுல ஒண்ணு. இந்த நோய்க்குப் பேரு வந்த ராபர்ட் கிரேவ்ஸ் அயர்லாந்து டாக்டர், 1835ல எழுதியிருக்காரு. அதுல அவர் சொல்லுத ஒரு பேஷண்ட் 20 வயசுப் பொண்ணு, அவளுக்கு வந்த ஆரம்ப அறிகுறியள ஹிஸ்டீரியான்னுதான் நெனச்சிருக்காவ, பொறவுதான் நாடி கன்னாபின்னான்னு ஓடுதத கவனிச்சிருக்காவ. 1835ல லேப் கெடையாது, டிஎஸ்ஹெச் கெடையாது, சரி. எனக்கு நாடி எண்ணி அடியில கோடு போட்ட சீட்டே டாக்டர் மேசை மேல கெடந்துச்சே.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலாவது தடவையும் போனேன், ஃபைல் காப்பி கேட்டு. ரிசப்ஷன்ல "அதெல்லாம் தர மாட்டோம்"னாங்க. எங்க மைனியோட தம்பி அம்பாசமுத்திரம் கோர்ட்டுல வக்கீலு, அவன் சொல்லிக் குடுத்து அனுப்பியிருந்தான்: 2002 மெடிக்கல் கவுன்சில் விதிப்படி பேஷண்ட் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு குடுக்கணும். எழுதிக் குடுத்தேன், மூணாம் நாள் வந்துருச்சு. மொத வரியில செகப்பு மையில "கே/சி/ஓ டிப்ரஷன்", அதாவது ஏற்கெனவே மனச்சோர்வு உள்ள ஆளுன்னு. அடுத்த ரெண்டு தடவைக்கும் அதே வரி, அதுக்குக் கீழ "சேம் கம்ப்ளைண்ட்ஸ்". நான் எழுதிக் கொண்டு போன வயித்தால போறது, எடை, மாசவிலக்கு ஒண்ணுகூட அதுல ஏறல.

புகார்ப் படிவம் கேட்டா ஒரு மேடம் வந்து தனி ரூம்ல உக்கார வச்சு காப்பி குடுத்தாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 21வது பிரிவுல மனநோய் உள்ளவங்களுக்கும் உடம்பு நோய் உள்ளவங்களுக்குக் குடுக்குத அதே தரத்துல சிகிச்சை குடுக்கணும்னு இருக்குன்னு சொன்னேன், ஒப்பிச்சேன்னே வச்சுக்கிடுங்க, ரயில்ல வரும்போது மனப்பாடம் பண்ணது. அவங்க ரொம்ப அன்பா, "மேடம் நீங்க ரொம்ப எமோஷனலா இருக்கீங்க"ன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு. வாசல்ல வந்து "நானும் உன்னய அப்படித்தானே சொன்னேன்"ன்னாவ. நான் ஒண்ணும் சொல்லல, ஆட்டோவப் பாக்கப் போயிட்டேன்.

டாக்டரம்மாகிட்ட ஒண்ணு கேட்டேன், இனிமே எங்க போனாலும் பழைய மாத்திரைய மறச்சிரட்டான்னு. மறைக்கக் கூடாதாம். எஸிடாலோப்ராம் மாதிரி மாத்திரை சிலருக்கு ரத்தத்துல சோடியத்தக் கொறைக்கும், ஈசிஜியில மாத்தம் காட்டும், லித்தியம்னு ஒரு மனநல மாத்திரை சாப்பிடுதவங்கள்ல சிலருக்கு தைராய்டே மந்தமாகும், அதனால டாக்டருக்குத் தெரியணும். ஆனா மொதல்ல எடை, நாடி, எத்தன நாளான்னு நம்பரச் சொல்லு, மாத்திரையக் கடைசியில சொல்லுன்னாங்க. நல்ல யோசனைதான். இருந்தாலும் டாக்டர் சேர் திரும்பாம இருக்குததுக்கு நாம எந்த வரிசையில பேசணும்னு ஒத்திகை பாத்துட்டுப் போக வேண்டியிருக்கு பாருங்க.

இப்ப 56 கிலோ. பல்ஸ் 84. ரத்தம் பாக்கதுக்கு ஐகிரவுண்டு கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன், கூட்டம் உண்டு, வெள்ளன போயிரணும். தைக்கக் குடுத்தவங்களுக்கு ஆடிக்குள்ள எல்லாம் குடுத்துருவேன், ஃபோன் அடிக்காதீங்க.

கேண்டீன் பத்தி ஒரு வார்த்தை: ரசவடை சூப்பர், பத்து மணிக்கு மேல போனா தீந்துரும்.