கறுப்பனுக்கு மாத்திரை, வெள்ளச்சிக்குக் கழுத்துப்பட்டை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் செம்பனை மரங்கள்தாம். அங்கே ஓடித் திரியும் எங்கள் இரண்டு நாய்களையும் ஆண்டு முழுவதும் தெள்ளும் உண்ணியும் விட்டபாடில்லை. குளிர்காலம் பூச்சிகளை அடக்கிவைக்கும் நாடுகளில் மருந்தைச் சில மாதங்கள் நிறுத்திவைப்பவர்கள் உண்டு. நம் வெயிலிலும் ஈரத்திலும் அதற்கு வழியில்லை. ஓராண்டுக்கும் மேலாக நான் வாங்கிவரும் நெக்ஸ்கார்ட் என்னும் மென்று தின்னும் மாத்திரையைப் பற்றி எழுதும்போது, அதை ஒரு நாய்க்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் இருப்பதன் காரணத்தையும் சொல்லியாக வேண்டும்.

கறுப்பன் பதினாறு கிலோ எடையுள்ளவன். மாத்திரைக்கு முந்தைய காலத்தில் அவனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. நம் ஊர் நாய்களின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் கிருமிதான் காரணம். ஈறு வெளுத்து, சோற்றைத் திரும்பிப் பாராமல் படுத்துக் கிடந்தவனுக்கு இருபத்தெட்டு நாள் டாக்சிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, இரண்டு முறை இரத்தப் பரிசோதனை செய்து தேற்றினோம். அதற்கான செலவில் இந்த மாத்திரையை ஓராண்டுக்கு மேல் வாங்கியிருக்கலாம். மருந்தின் ஆபத்தைப் பேசுகிறவர்கள் மருந்து கொடுக்காமல் விடுவதன் ஆபத்தையும் அதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

மாத்திரையில் உள்ள மருந்தின் பெயர் அஃபாக்சொலனர். அது நாயின் இரத்தத்தில் கலந்து நிற்கிறது. இரத்தம் குடிக்கும் தெள்ளின் நரம்பை அடக்கிவைக்கும் வாயில்களை அது அடைத்துவிடுவதால், நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி சாகிறது. கடித்த பிறகே பூச்சி சாகும் என்பதை வாங்குகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தெள்ளுக்குச் சில மணி நேரம் போதும், உண்ணிக்கு ஓரிரு நாள் ஆகும். எர்லிக்கியாவோ உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் உடலுக்குள் போய்விடக்கூடும். ஆகையால் மாத்திரை கொடுத்த பின்பும் மாலையில் கறுப்பனின் காதுகளைத் தடவிப் பார்க்கும் வழக்கத்தை நான் விடவில்லை.

இனி ஆபத்துக்கு வருகிறேன். அஃபாக்சொலனர், ஃபுளூராலனர், சாரோலனர், லோட்டிலனர் ஆகிய நான்கும் ஐசோக்சசோலின் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை உட்கொண்ட சில நாய்களுக்குத் தசைநடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் வந்திருப்பதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை என்பதையும் அதே அறிவிப்பில் சொன்னது. முன்பு வலிப்பு வந்திராத நாய்க்கும் வரக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. நாயின் நரம்பிலும் அத்தகைய வாயில்கள் இருக்கின்றன. மருந்து பூச்சியின் வாயில்களையே மிக வலுவாகப் பற்றுகிறது என்பதுதான் நமக்குள்ள பாதுகாப்பு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் ஃபுளூராலனர் மாத்திரை வசதியானதுதான். ஆனாலும் முதன்முதலாகக் கொடுக்கும் நாய்க்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். விழுங்கிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு மாதத்தில் தேய்ந்துபோவது நல்லதா, மூன்று மாதம் உடலில் நிற்பது நல்லதா என்று கேட்டால் என் பதில் தெளிவானது. கறுப்பனுக்கு இதுவரை நடுக்கமோ வாந்தியோ வந்ததில்லை. மாட்டிறைச்சி வாசனை சேர்த்த மாத்திரையாதலால், பிஸ்கட் என்று நினைத்து அவனே கேட்டு வாங்கித் தின்கிறான்.

வெள்ளச்சியின் கதை வேறு. குட்டியாக இருந்தபோது அவளுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. அதைச் சொன்னவுடன் ஈப்போவில் நாங்கள் பார்க்கும் கால்நடை மருத்துவர், இந்தக் குடும்பத்து மருந்து எதுவும் அவளுக்கு வேண்டாம் என்றார். கழுத்தில் சொட்டுவிடும் மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்த வகை தெள்ளையும் உண்ணியையும் சேர்த்தே கொல்லும் என்றாலும், அது பூனைக்கு நஞ்சு. எங்கள் பூனையோ வெள்ளச்சியின் வயிற்றோடு ஒட்டித்தான் தூங்கும். கடைசியில் இமிடாகுளோப்ரிடும் ஃபுளுமெத்ரினும் சேர்ந்த கழுத்துப்பட்டையை முடிவு செய்தோம். ஏழெட்டு மாதம் உழைக்கும் என்கிறார்கள். தோலைத் தொடும்படி கட்ட வேண்டும், அடிக்கடி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் அதன் காலம் குறையும் என்பதால், அவளுடைய குளியலை மாதம் ஒன்றாகச் சுருக்கியிருக்கிறோம். மாத்திரை அளவுக்குப் பட்டை சுத்தமாக வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; வாரத்துக்கு ஓர் உண்ணியாவது இன்னும் கையில் அகப்படுகிறது.

முதல் மாதம் முடிந்தும் தெள்ளு தென்பட்டால் மருந்து போலியோ என்று சந்தேகப்பட வேண்டாம். நாயின் மேல் நாம் பார்ப்பவை கொஞ்சமே. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் சிமெண்டு விரிசலிலும் பலகைக்கு அடியிலும் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் தெள்ளு ஓய்வதற்கு மூன்று மாதம் பிடித்தது. பாயை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டதும் அதற்குக் கைகொடுத்தது. தெள்ளை விழுங்கும் நாய்க்கு நாடாப்புழு வரும் என்பதால், மலவாயைச் சுற்றி அரிசிமணி போல ஏதேனும் தெரிகிறதா என்றும் அந்த மாதங்களில் பார்த்து வந்தோம்.

விலை ஒரு மாத்திரைக்கு ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்றுக் குறைவு. தோட்டத்துச் சம்பளத்தில் இது சிறிய தொகை அன்று. அதனாலேயே பெரிய நாய்க்குரிய மாத்திரையை வாங்கி, கத்தியால் நறுக்கி, இரண்டு மூன்று நாய்களுக்குப் பங்கிடும் பழக்கம் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் மருந்து ஒரே அளவில் இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. தயாரிப்பாளரும் மாத்திரையை உடைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறார். காசு போதவில்லையென்றால் நறுக்கிய துண்டைக் கொடுப்பதைவிட, உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் எதுவோ அதற்கு முழு மாத்திரையைக் கொடுத்து, மற்றதைச் சீப்பாலும் கையாலும் தினமும் பார்த்துக்கொள்ளலாம்.