சிவப்பு விளக்கும் பின்னால் வரும் வண்டியும்

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வழக்கமாக விமான நிலையத்தைப் பற்றியும், வங்கியைப் பற்றியும், ஆதார் மையத்தைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது சாலையைப் பற்றி. இங்கிலாந்தில் வசிக்கும் நான் இம்முறை சென்னைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையில் வாடகைக் காரிலும், உறவினர் வண்டியிலும், அரசுப் பேருந்திலும் அலைந்தபோது, அரசு தரும் சேவைகளில் ஒரு நாள்கூடத் தவறாமல் பயன்படுத்தியது சிக்னல், சாலைக்கோடு, அறிவிப்புப் பலகை, கண்காணிப்புக் கேமரா, போக்குவரத்துக் காவலர் ஆகியவற்றைத்தான். அவற்றை எடைபோட நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே: காவலரும் கேமராவும் இல்லாத இடத்தில், இல்லாத நேரத்தில், விதி எந்த அளவுக்குச் செல்லுபடியாகிறது?

காவலர் நிற்கும் பகல்நேரச் சந்திப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் உயர்த்திய அபராதங்களைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தலைக்கவசம் இல்லாவிட்டால் 100 ரூபாய் என்றிருந்தது 1000 ரூபாயானது, உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5000 ரூபாய் என்றானது. சென்னையின் பெரிய சாலைகளில் அதன் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் அமர்ந்திருப்பவர்கூடத் தலைக்கவசம் அணிந்திருக்கிறார். நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிற்பதற்குச் சிலராவது தயங்குகிறார்கள். இவை நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் காவலர் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதை இவற்றைக்கொண்டு சொல்லிவிட முடியாது.

விடியற்காலையில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குறுக்குச் சாலையில் வண்டி எதுவும் இல்லை, காவலரும் இல்லை. வாடகைக் கார் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், நிற்கப் போகிறார் என்றே நினைத்தேன், ஆனால் பின்புறக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மெல்லக் கடந்துவிட்டார். ஏன் நிற்கவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தப் பயணத்தில் நான் கேட்டவற்றிலேயே தெளிவானது: "நின்னா பின்னாடி வர்றவன் இடிச்சிருவான் சார். அவன் நாம நிப்போம்னு நினைச்சு வர்றதில்ல." பின்னால் ஒரு சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது உண்மைதான்.

அதன் பிறகு வாய்த்த அதிகாலைப் பயணங்களில் எல்லாம் இதையே கவனித்து வந்தேன். தனியாக வரும் வண்டி சிவப்பு விளக்கில் நிற்பதுண்டு, நிற்காமல் போவதும் உண்டு. இரண்டுக்கும் சம வாய்ப்பு இருப்பதாகவே தோன்றியது. பின்னால் இன்னொரு வண்டி வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. வந்தவர் ஒலிப்பானை ஒருமுறை அழுத்துகிறார், நின்றிருந்தவர் தோளைக் குலுக்குவது போல வண்டியை உருட்டுகிறார், இருவரும் போய்விடுகிறார்கள். பார்க்க ஆளில்லாததால் விதி மீறப்படுகிறது என்பது பொதுவான எண்ணம். நான் கண்டதோ பெரும்பாலும் இதற்கு எதிரானது: யாரோ ஒருவர் பார்க்கிறார் என்பதால்தான், அதாவது பின்னால் இருப்பவர் பொறுமையிழந்து பார்க்கிறார் என்பதால்தான், நிற்க நினைத்தவரும் மீறுகிறார். விதியைக் காப்பாற்றக் காவலர் ஒருவர் இல்லாத நேரத்தில், விதியை மீறச் சொல்லும் காவலர் ஒருவர் எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்.

இரவு முற்றிய பிறகு பல சந்திப்புகளில் சிக்னலை மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரியும்படி மாற்றிவிடுகிறார்கள். ஆளில்லாத சிவப்பு விளக்கின் முன் நிற்கச் சொல்லி விதியின் மரியாதையைக் கெடுப்பதைவிட இது நேர்மையான ஏற்பாடு. வேகத்தைக் குறைத்து, இருபுறமும் பார்த்து, எச்சரிக்கையுடன் கடக்க வேண்டும் என்பது அந்த விளக்கின் பொருள். ஆனால் பெரும்பாலான ஓட்டுநர்கள் அதைச் சிக்னல் வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உறவினர்களில் பலகாலமாக வண்டி ஓட்டுபவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். சரியான விடை ஒருவரிடமிருந்தும் வரவில்லை.

அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. நம் ஊரில் இருசக்கர வாகன உரிமத்துக்கான தேர்வு என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 'எட்டுப் போடுவது'. ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, காலை ஊன்றாமல் எட்டு வடிவத்தில் வண்டியை வளைத்துக் காட்டினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. வண்டியைக் கட்டுப்படுத்தும் திறனை அது சோதிக்கிறது, சரி. வெறுமையான சாலையில் ஒரு சந்திப்பை எப்படி அணுக வேண்டும், கோடு மட்டும் போட்ட நடைபாதைக் கடவையில் மனிதர் கால் வைத்தால் யார் நிற்க வேண்டும் என்பவை அங்கே பேச்சாகவே இருப்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் நடப்பவருக்கே முன்னுரிமை தருகின்றன என்று நான் சொன்னபோது என் அத்தான் சிரித்தார். இவ்வளவுக்கும் அவர் கவனமாக ஓட்டுபவர்.

தலைக்கவசத்தின் கதை வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு ஒரு புவியியலே இருக்கிறது. நகரத்தின் முதன்மைச் சாலையில் தலையில் இருக்கும் கவசம், கிளைச் சாலையில் திரும்பியதும் பெட்ரோல் டேங்க்கின் மேல் வந்துவிடுகிறது, தெருவுக்குள் நுழைந்ததும் முழங்கையில் தொங்குகிறது, கிராமத்துக்குப் போனால் வீட்டு ஆணியிலேயே இருந்துவிடுகிறது. பிடிபடும் வாய்ப்பு எங்கே முடிகிறதோ அங்கே அதுவும் முடிகிறது. மற்றவருக்குத் தீங்கில்லாத மீறல் என்பதால் வெட்கமும் இல்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தலைக்கவசம் அணியாமல் உயிரிழந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதே ஆண்டில் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. இந்த எண்களை வீட்டில் யாரிடம் சொன்னாலும் 'ஐயோ' என்கிறார்கள், அடுத்த நிமிடம் வெறுந்தலையுடன் கடைக்குக் கிளம்புகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு கவசத்தின் வாரையும் கட்டியிருக்க வேண்டும் என்கிறது. காவலர் நிற்கும் இடத்திலேயே வார் கட்டாத தலைகள்தாம் அதிகம்; தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கவசம் தெரியும், வார் தெரியாது.

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நான்குவழிச் சாலையில், சட்டை நுனி காற்றில் படபடக்க நமக்கு எதிரே நேராக வரும் இருசக்கர வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இதைப் போல நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும் காட்சி இல்லை. நானும் முதலில் 'பொறுப்பற்றவர்கள்' என்றுதான் நினைத்தேன். பிறகு சாலையோரக் கிராமம் ஒன்றில் இறங்கி நின்று பார்த்தபோது, அந்த மக்களின் வயலும் பள்ளியும் பால் சங்கமும் சாலையின் இருபுறமும் பிரிந்து கிடப்பதும், நடுத்திட்டில் திரும்ப இடம் வெகுதொலைவில் இருப்பதும், சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுவிடுவதும் புரிந்தன. விதிப்படி போனால் எதிர்ப்புறத்துக்குப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். மீறினால் சில நூறு மீட்டர். இதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை, அந்த மீறல் உயிரையே கேட்கக்கூடியது. ஆனால் தினமும் ஆறு முறை பெட்ரோலையும் நேரத்தையும் செலவழித்துக் கீழ்ப்படியுமாறு மனிதர்களைக் கேட்கும் சாலையை வரைந்தவர்களுக்கு இந்த மீறலில் பங்கில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

இங்கே இங்கிலாந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் 'அங்கெல்லாம் நடுராத்திரியிலும் நிற்பார்களாமே' என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. சிவப்பு விளக்கைப் பொறுத்தவரை உண்மைதான், பெரும்பாலோர் நிற்கிறார்கள். வேக வரம்பைப் பொறுத்தவரை உண்மையில்லை. அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை நெரிசலற்ற நேரங்களில் தானியங்கிக் கருவிகளால் அளந்ததில், 2023-ஆம் ஆண்டில் மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலைகளில் சென்ற கார்களில் 45 விழுக்காடு மணிக்கு 70 மைல் என்னும் வரம்பைத் தாண்டியிருந்தன. மஞ்சள் நிறக் கேமராவைக் கண்டதும் பிரேக்கை மிதிப்பதும், கடந்ததும் மீண்டும் விரைவதும் அங்கும் அன்றாடக் காட்சி. பிடிபட்டால் குறைந்தது 100 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 3 தண்டப் புள்ளிகளும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் பொதுவாக உரிமம் பறிபோகும். அப்படியும் மீறுகிறார்கள். ஆகவே, கண்காணிப்பில்லாமலே விதியை மதிக்கும் இனம் ஒன்று, மதிக்காத இனம் இன்னொன்று என்று நான் நம்பவில்லை. அங்கே சிவப்பு விளக்கில் நிற்பவருக்குப் பின்னால் வருபவரும் நிற்பார் என்ற உறுதி இருக்கிறது. நம் வாடகைக் கார் ஓட்டுநருக்கு இல்லாதது அந்த உறுதிதான்.

அந்த உறுதி நம் ஊரில் எங்குமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மாநில நெடுஞ்சாலை ஒன்றில், தெருவிளக்கே இல்லாத இருவழிப் பாதையில், நள்ளிரவுக்குப் பிறகு காரில் முன்னிருக்கையில் அமர்ந்து வந்த பயணம் எனக்கு அதைக் காட்டியது. எதிரே லாரி வரும்; தொலைவிலேயே அதன் முகப்பு விளக்கு தாழும்; எங்கள் ஓட்டுநரும் 'டிம்' அடிப்பார்; இரண்டும் கடந்ததும் இரண்டும் மீண்டும் உயரும். ஊர்கள் பல கடந்தும் இது மாறவேயில்லை. இதைக் கண்காணிக்கக் காவலரும் இல்லை, கேமராவும் இல்லை, இதற்காக அபராதம் கட்டியவரை நான் சந்தித்ததும் இல்லை. தாழ்த்தாதவருக்கு எதிரே வருபவர் விளக்கை ஒருமுறை உயர்த்தித் தாழ்த்தி நினைவூட்டுகிறார். அதற்கும் அசையாதவருக்குத் தன் முழு ஒளியையும் திருப்பித் தருகிறார். விதியைக் கடைப்பிடித்ததற்கான பலனும் மீறியதற்கான தண்டனையும் சில நொடிகளில், அதே இடத்தில், சம்பந்தப்பட்டவர் கையாலேயே கிடைத்துவிடுகின்றன. ஆனால் இந்த ஒழுக்கம் நகர எல்லையோடு நின்றுவிடுகிறது. தெருவிளக்கு வந்ததும் எதிரே இருப்பவரின் கண் கூசுகிறதா என்பது யாருக்கும் தெரிவதில்லை, எல்லா வண்டியும் முழு ஒளியிலேயே போகிறது.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதும் இந்த வகையே. வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் நெரிசலில் சிக்கிய 108 வண்டிக்காகப் பேருந்து நடத்துநர் இறங்கி வந்து வழி ஒழுங்கு செய்ததை நான் பார்த்தபோது அவர் மனத்தில் அந்தத் தொகை இருந்திருக்காது.

இனிக் கேமராவுக்கு வருகிறேன், ஏனெனில் இப்போது அரசு நம்பியிருப்பது அதைத்தான். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கண்காணிப்பு உள்ள சாலைப்பகுதிக்கு முன்பாகவே அதைத் தெரிவிக்கும் பலகை வைக்கப்பட வேண்டும் என்கிறது; மீறல் நடந்த 15 நாட்களுக்குள் வண்டிக்காரருக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டும் நல்ல சிந்தனையில் பிறந்தவை: நீ பார்க்கப்படுகிறாய் என்று முன்கூட்டியே சொல், பார்த்ததை உடனே தெரிவி. ஆனால் நடைமுறையில் நான் கண்டது வேறு. என் உறவினரின் காருக்கு ஒரு நகரத்தில் இ-சலான்கள், அதாவது மின்னணு அபராதச் சீட்டுகள், பல விழுந்திருந்தன, எல்லாம் ஒரே சந்திப்பில் நிறுத்தக் கோட்டைத் தாண்டியதற்கானவை. வண்டியின் பதிவில் இருந்தது அவர் எப்போதோ கைவிட்ட கைபேசி எண் என்பதால் ஒரு குறுஞ்செய்திகூட அவரை எட்டவில்லை. தபாலிலும் எதுவும் வரவில்லை. மாதக்கணக்கில் அவர் அதே கோட்டைத் தாண்டி நின்றுகொண்டே இருந்திருக்கிறார், கேமராவும் படமெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் அறிவிப்பு கையில் கிடைத்திருந்தால் இரண்டாவது தவறு நடந்திருக்காது என்பது என் கணிப்பு. இதை அவரிடமே சொன்னேன், அவரும் மறுக்கவில்லை.

கட்டணம் செலுத்தும் சேவை குறை சொல்ல முடியாதபடி இருந்தது. பரிவாகன் இணையதளத்தின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணுடன் எஞ்சின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களைக் கொடுத்தால் நிலுவை அத்தனையும் வருகிறது, மீறலின் புகைப்படமும் பலவற்றுக்கு இருக்கிறது, அங்கேயே பணத்தையும் கட்டிவிடலாம். இடைத்தரகரும் இல்லை, வரிசையும் இல்லை. ஊரில் பெற்றோர் பெயரிலோ உங்கள் பெயரிலோ வண்டி நிற்குமானால், விடுமுறை முடிந்து கிளம்புவதற்கு முன் இந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். வண்டியின் பதிவில் உள்ள கைபேசி எண் இப்போது வீட்டில் யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் கேட்டு, பழைய எண்ணாக இருந்தால் அதே தளத்தில் மாற்றிவிடுங்கள். நிலுவை தேங்கிவிட்டால் வண்டியை விற்கும்போதோ பெயர் மாற்றும்போதோ சிக்கல் வரும், அப்போது நீங்கள் ஊரில் இருக்கமாட்டீர்கள்.