இசண்ட்ல்வானா, ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்: ஒரே நாளில் காட்டுகிறோம் என்பவர்களிடம் கேட்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு மினிபஸ், இரவு எட்டுக்குள் வீட்டு வாசல், நடுவில் 1879ஆம் ஆண்டு ஆங்கிலேயர்–ஜூலு போரின் இரண்டு போர்க்களம், மதியச் சாப்பாடு. ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு இதைத்தான் பலரும் பதிவு செய்து கொடுக்கிறார்கள். வண்டி சுத்தம், ஓட்டுநர் நிதானம், சாப்பாடும் குறை சொல்ல முடியாதது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். சாப்பாடும் இடத்துக்கு இடம் ஓட்டமும் போக, களத்தில் கால் பதிப்பது நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். நேரம் இடிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஜூலு தரப்பு நின்ற முகடும், தப்பியோடியவர்கள் விழுந்த ஆற்றங்கரையும்தான். மிஞ்சுவது சிவப்புச் சட்டை போட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களின் வீரக்கதை. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தரலாம். அந்த இரண்டும் ஓட்டுநருக்கு.

அதே பணத்தில் களங்களுக்குப் பக்கத்து ஊரான டண்டியில் ஓர் இரவு தங்கி, பதிவு பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு அமர்த்திக்கொள்வது எவ்வளவோ மேல். வழிகாட்டியை உங்கள் காரிலேயே ஏற்றிக்கொள்ளலாம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அறையில் குறையுங்கள், வழிகாட்டியில் குறைக்காதீர்கள். இந்த மைதானத்தில் பலகைகள் குறைவு. சொல்ல ஆளில்லை என்றால் புல்லும் வெள்ளைக் கல்லும்தான் தெரியும்.

வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்பதைத் தொலைபேசியிலேயே கண்டுபிடித்துவிடலாம். இசண்ட்ல்வானாவில் தோற்ற ஆங்கிலேயப் படையின் தோட்டாப் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள். “பெட்டி மூடியில் நிறைய திருகாணி, திறக்கத் திருப்புளி கிடைக்காததால்தான் படை அழிந்தது” என்று ஆரம்பித்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். 600 தோட்டா கொண்ட அந்தப் பெட்டியின் நடுவில் நகரும் பலகை ஒன்று இருக்கும். அதைப் பிடித்திருந்தது ஒரே ஒரு திருகாணி. துப்பாக்கிக் கட்டையால் ஓங்கித் தட்டினாலே பலகை பெயர்ந்துவிடும். சிக்கல் பெட்டியில் இல்லை, தூரத்தில் இருந்தது. முகாமை விட்டு மிக முன்னால் போய், ஆளுக்கு ஆள் பல கஜம் இடைவெளி விட்டு நின்ற ஆங்கிலேயச் சிப்பாய்களின் மெல்லிய கோடு அது. மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி தொடர்ந்து சுடச்சுடச் சூடேறும், புகை கண்ணை மறைக்கும், மெல்லிய பித்தளைத் தகட்டுத் தோட்டா உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதையெல்லாம் சொல்பவர் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எந்த இடத்துக்கு முதலில் கூட்டிப்போவார் என்று கேளுங்கள். ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் என்றால் யோசிக்க வேண்டும். அங்கே அருங்காட்சியகம், கழிப்பறை, லூத்தரன் சபையின் கைவினைக் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால் மினிபஸ்காரர்களுக்கு வசதி. ஆனால் 1879 ஜனவரி 22 அன்று காலையும் நண்பகலும் இசண்ட்ல்வானாவில், மாலையும் இரவும் ரோர்க்ஸ் ட்ரிஃப்டில் என்றுதான் எல்லாம் நடந்தது. தலைகீழாகப் பார்த்தால் பின்னது ஏன் நடந்தது என்றே புரியாது. வெளிச்சமும் ஒரு காரணம். முகாம் இருந்தது மலையின் கிழக்கு அடிவாரத்தில். காலையில் முழு வெளிச்சம் விழும், பிற்பகலில் மலை நிழல் ஏறிவிடும். படம் எடுப்பவர்கள் பதினோரு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

இனி களம். மலைக்கும் அதன் தெற்கே உள்ள கல்குன்றுக்கும் நடுவில் உள்ள கணவாயில் நின்று கிழக்கே பாருங்கள். இடப்புறம், வடக்கே, நீளமாக ஓடுவது நியோனி முகடு. அதற்கும் அப்பால், இங்கிருந்து தெரியாத மடிப்பில், நுக்வெபேனி பள்ளத்தாக்கு. சுமார் இருபதாயிரம் ஜூலு வீரர்கள் அங்கே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அமாவாசை. நிலவு செத்த நாளில் சண்டை தொடங்குவது ஜூலுக்களுக்கு ஆகாது, அதனால் மறுநாள் தாக்குவதாக இருந்தார்கள். நண்பகல் வாக்கில் ஆங்கிலேயக் குதிரை ஒற்றர்கள் பள்ளத்தாக்கின் விளிம்பில் வந்து எட்டிப் பார்க்க, படை எழுந்துவிட்டது. பிற்பகல் இரண்டரை மணிக்குச் சூரிய கிரகணமும் பிடித்தது. அமாவாசையில்தானே பிடிக்கும்.

நடுவில் நெஞ்சு, இருபுறமும் வளைத்துச் சுற்றும் கொம்புகள் என்ற ஜூலுக்களின் எருமைக் கொம்பு வியூகத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் வழிகாட்டிகள் அதிகம். அது போதாது. நெஞ்சு எந்த முகட்டில் இறங்கியது, இடக்கொம்பு எந்த ஓடையைச் சுற்றியது, வலக்கொம்பு மலைக்குப் பின்னால் எப்படி மறைந்து வந்து ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் சாலையை அடைத்தது என்று திசை காட்டிச் சொல்ல வேண்டும். வலக்கொம்பு வந்த பக்கத்தை முகாமிலிருந்து பார்க்கவே முடியாது என்பது கணவாயில் நின்றால்தான் உறைக்கும். ஜூலு படைத்தலைவர்கள் நுட்ஷிங்வாயோ கோசா, மாவுமெங்வானா நுடூலி இருவர் பெயரையும் சொல்லாமல் செல்ம்ஸ்ஃபோர்டு, புல்லீன், டர்ன்ஃபோர்டு என்று ஆங்கிலேய அதிகாரிகளை மட்டும் அடுக்கினால் நீங்களே கேளுங்கள். ஆங்கிலேயத் தளபதி செல்ம்ஸ்ஃபோர்டு அன்று விடிவதற்கு முன்பே பாதிப் படையோடு தென்கிழக்கே போய்விட்டார். முகாமில் மிஞ்சியது சுமார் 1,700 பேர். வண்டிகளை வளைத்துக் கட்டவில்லை, அகழி வெட்டவில்லை. மாண்டவர்கள் சுமார் 1,300, அதில் நானூற்றுக்கும் மேல் ஆங்கிலேயர் பக்கம் நின்ற நேட்டால் கறுப்பினத்தவர் (நேட்டால் அன்று ஆங்கிலேயக் குடியேற்றம்). ஜூலு தரப்பில் குறைந்தது ஆயிரம் என்கிறார்கள்.

மைதானமெங்கும் வெள்ளையடித்த கல்குவியல்கள். அத்தனையும் கூட்டுப் புதைகுழிகள். அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கும் வழக்கம் நம்மவர்களிடமும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். தரையில் பித்தளைத் துண்டோ பொத்தானோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சொத்துச் சட்டப்படி குற்றம். ஜூலு வீரர்களுக்கான சின்னம் வைக்கப்பட்டதும் அதே 1999இல்தான், போர் முடிந்து 120 ஆண்டு கழித்து. வீரத்துக்குத் தரும் இசிக்கு மணிமாலையின் வெண்கல வடிவம் அது. இந்த மைதானத்தில் நன்றாகச் செய்யப்பட்ட ஒரே புதுப்பொருள் என்று தயங்காமல் சொல்லலாம். பார்வையாளர் மையம் சிறியது, அரை மணியில் முடிந்துவிடும். களத்தைச் சுற்றிய பிறகு போனால்தான் அங்குள்ளவை பொருள் தரும்.

பலகைக் குறை பற்றிச் சொன்னோம். ஒப்பிட ஓர் இடம் உண்டு. வட கலிஃபோர்னியாவின் லாவா பெட்ஸில், இதற்கு ஆறு ஆண்டு முன்பு, மோடாக் என்ற பூர்வகுடி மக்கள் அமெரிக்க ராணுவத்தை எதிர்த்து நின்ற எரிமலைக் கல் அரண். கின்ட்புவாஷ் தலைமையில் அறுபதுக்கும் குறைவான வீரர்கள் 1873 ஜனவரி 17 அன்று மூடுபனியில் முன்னூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களைத் திருப்பி அனுப்பினார்கள், தங்கள் பக்கம் ஒரு சாவு இல்லாமல். அங்கே சிறு சுற்று, பெருஞ்சுற்று என்று இரண்டு நடைபாதை. எண் போட்ட கம்பங்கள், கையில் ஒரு சிறு நூல். எந்தப் பிளவில் காவல், எந்தக் குகையில் குடும்பம் என்று வழிகாட்டி இல்லாமலே படித்துக்கொண்டு நடக்கலாம். மறைந்து நின்று சுட்ட சண்டை அது, கல்லைக் காட்டினால் கதை புரிந்துவிடும். இசண்ட்ல்வானா வெட்டவெளியில் பல மைல் ஓடி வந்து தாக்கிய சண்டை. இங்கே கம்பங்கள் இன்னும் அதிகம் வேண்டும், இருப்பதோ குறைவு. முடிவு மட்டும் ஒன்றுபோல: கின்ட்புவாஷை அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று மூவரோடு சேர்த்துத் தூக்கிலிட்டார்கள். ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவை 1879 ஆகஸ்டில் பிடித்துக் கேப் டவுன் கோட்டையில் வைத்தார்கள்.

தப்பியோடியவர் துறைக்கு வருவோம். மினிபஸ் பட்டியலில் பெயர் இருக்கும், கூட்டிப்போக மாட்டார்கள். முகாமிலிருந்து ம்சின்யாதி ஆறு வரை கரடுமுரடான இறக்கம், வழியெல்லாம் கல்குவியல். தப்பியோடும்போது மாண்ட ஆங்கிலேய அதிகாரிகள் மெல்வில், கோக்ஹில் இருவரின் கல்லறை நேட்டால் கரையில், தனியார் காப்பு நிலத்துக்குள் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களை இதற்கு இழுக்காதீர்கள். அவர்கள் காரிலேயே கணவாய் வரை வந்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

ரோர்க்ஸ் ட்ரிஃப்டுக்கு மண் சாலையில் அரை மணிக்கு மேல் பிடிக்கும். இந்த இடம் அளவில் சிறியது, அதனால் புரிவதும் எளிது. ஆங்கிலேயப் படையின் மருத்துவமனை நின்ற இடத்தில் இன்று அருங்காட்சியகம், கிடங்கு நின்ற இடத்தில் தேவாலயம். சோள மூட்டையாலும் பிஸ்கட் பெட்டியாலும் எழுப்பிய சுவரின் கோட்டைத் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். கோட்டின் மேலேயே நடந்து பாருங்கள், சுமார் 150 பேர் எவ்வளவு குறுகிய இடத்தில் இரவைக் கழித்தார்கள் என்பது காலுக்குத் தெரியும். மன்னரின் தம்பி தபுலமான்சியின் கீழ் வந்த ஜூலுக்கள் மூவாயிரத்திலிருந்து நாலாயிரம். இசண்ட்ல்வானாவில் சண்டை வாய்க்காத பின்படை. காத்து நின்றவர்களுக்குக் கிடைத்த பதினொரு விக்டோரியா கிராஸ் வீரப் பதக்கம் பற்றி எல்லா வழிகாட்டியும் சொல்வார். மறுநாள் காலை, காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்களைக் கொன்றதைச் சொல்பவர் சிலரே. ஒரே நாளில் நடந்த பெருந்தோல்வியை மறைக்க இந்தச் சிறு வெற்றி லண்டனுக்கு எவ்வளவு உதவியது என்று கேட்டால் நல்ல வழிகாட்டி உற்சாகமாகிவிடுவார். கைவினைக் கூடத்தின் நெசவு விரிப்பும் அச்சுத் துணியும் விலை கூடத்தான், ஆனால் தரமானவை. டர்பன் கடற்கரையில் விற்கும் மணிச்சரக்கோடு ஒப்பிடாதீர்கள்.

எந்தச் சுற்றுலாப் பொதியிலும் இல்லாத ஒரு பகுதியை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூலு ஆண்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன, கரும்புத் தோட்டத்துக் கூலிக்கு அவர்கள் இசையவில்லை. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 ஒப்பந்தக் கூலி இந்தியர்களோடு நேட்டாலுக்கு வந்ததற்கு அதுவே பெரிய காரணம். ஆக இந்தப் போரும் நம் வருகையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க், கிரேடவுன், துகேலா ஃபெர்ரி வழியாக R33இல் டண்டிக்குப் போனால், கிரேடவுன் தாண்டியதும் ம்பான்சா வரும். தலைக்கு ஒரு பவுன் வரியை எதிர்த்த ஜூலுத் தலைவர் பம்பாதாவின் ஆட்கள் 1906 ஏப்ரலில் போலீஸை மறித்த இடம். ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள்மீது அப்போது இருந்ததோ மூன்று பவுன் வரி. அந்தக் கலகத்தில் காந்தியின் தூக்குக்கட்டில் குழு காயம்பட்ட ஜூலுக்களைக் கவனித்தது. வெள்ளைக்காரர்கள் கவனிக்க விரும்பாதவர்கள் அவர்கள். மூன்று பவுன் வரியை 1914இல் ஒழித்த வேலைநிறுத்தம் 1913இல் டண்டிக்கு வடக்கே நியூகாசில் சுரங்கங்களில்தான் மூண்டது. திரும்பும்போது N3 பக்கம் வந்தால் லேடிஸ்மித்தை அடுத்த ஸ்பியோன்கோப்பையும் பார்க்கலாம். ஆங்கிலேயர்–போயர் போரில் 1900 ஜனவரியில் நடந்த அந்தச் சண்டையில் காயம்பட்டவர்களைச் சுமந்த இந்தியர் படையில் சுமார் 1,100 பேர், பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள்.

மே முதல் ஆகஸ்ட் வரை போவதே நல்லது. புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், முகடுகள் துல்லியமாகத் தெரியும். காலையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் கட்டாயம். ஜனவரி நினைவு நாளுக்குப் போகிறவர்கள் வெயிலுக்கும் பிற்பகல் இடிமழைக்கும் தயாராகப் போக வேண்டும். கோடைப் புல்லில் உண்ணி உண்டு: முழுக்கால் சட்டை, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுவது, இரவு உடம்பைப் பார்ப்பது. உண்ணி கடித்த இடத்தில் கரும்புள்ளியும் சில நாளில் காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். களத்தில் கடையை நம்பாமல் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். புளிச்சாதமும் உருளைக்கிழங்கு ரொட்டியும் தாங்கும், பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) மதியத்துக்குள் ஊறிப்போகும். பெட்ரோலை டண்டியிலோ நுகுட்டுவிலோ நிரப்புங்கள். ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள், மண் சாலைக் கல் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். சிறு நுழைவுக் கட்டணங்களுக்கு ரொக்க ரேண்ட். R68இல் மாடும் ஆடும் நடுச்சாலையிலேயே படுத்திருக்கும், அதனால் இருட்டுவதற்குள் டண்டியில் அறைக்குப் போய்விடுங்கள்.